கிழக்கே நின்ற சாயங்காலச் சூரியன்

1. செடி

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆலையின் கெஸ்ட் ஹவுஸில், காலை பதினோரு மணிக்கு, நான் எடுத்த படம் ஒன்று விசாரணை மேஜை மேல் கைமாறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம், மேட் ஃபினிஷ். ஒரு ரயில்வே கேட், வளைந்து போகிற ஒற்றைத் தண்டவாளம், அதன் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஜிப்சம் குமி, குமிக்கு அப்பால் ஒரு டீசல் இன்ஜின். இதெல்லாம் எட்டடிப் பலகையில் செய்த பொம்மை என்று யாராவது சத்தியம் செய்து சொன்னால்தான் நம்ப முடியும். அந்தக் கர்வம் எனக்கு அன்று காலை பதினொன்றேகால் வரை இருந்தது.

ஆலை தரப்பில் வாதாட வந்த செக்யூரிட்டி ஆபீசர் படத்தை வாங்கி, இடது ஓரத்தில் விரலை வைத்தார். "எல்லாம் சரி. இந்தக் கருவேலஞ்செடி எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது என் கைப்பையிலிருந்து வந்தது.

எதிரே பாண்டியம்மா உட்கார்ந்திருந்தாள். மெயின் லைனிலிருந்து பிரிந்து அந்த ஆலைக்குள் போகிற சைடிங் லைனில் கேட் கீப்பர். கூலி வேலைக்குப் போகாமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள் வீட்டில் அவள்தான். இரண்டு பெண் பிள்ளைகளோடு ஆலை கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தாள். இன்ஜின் வரும்போது கேட்டை மூடாமல் விட்டாள் என்ற குற்றச்சாட்டு நிரூபணமானால் வேலையும் போகும், வீடும் போகும். அவளைக் காப்பாற்றத்தான் அந்தப் படத்தை எடுத்தேன். செக்யூரிட்டி ஆபீசரின் விரலைப் பார்த்தபோது, அவளைக் கவிழ்க்கப் போவதும் அதே படம்தான் என்று தெரிந்துவிட்டது.

2. ஓர் அங்குல உயரம்

நான் மதுரையில் மஹால் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பம் சுங்குடிச் சேலைக் குடும்பம். அப்பாவின் சேலைகளை கேட்டலாகுக்குப் படம் எடுக்கத் தொடங்கி, பிறகு நகை, பித்தளைச் சாமான், பட்டாசு டப்பா என்று மேஜை மேல் வைத்து எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்தேன். கல்யாணப் படங்களும் எடுத்துப் பார்த்தேன், ஒத்து வரவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பாமார்கள் எல்லோரும், பொம்பளை என்பதால், எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லித் தருவார்கள். சேலையும் சொம்பும் எதிர்த்துப் பேசாது.

பொம்மை ரயில் பக்கம் என்னை இழுத்தவர் தேவசகாயம் சார். அதே ஆலையில் டிராஃப்ட்ஸ்மேன், வீடு பசுமலை. மாடி அறை முழுக்க லேஅவுட், அதாவது தண்டவாளமும் ஊருமாக ஒரு பொம்மை உலகம், கட்டி வைத்திருப்பவர். ஒரு போட்டிக்கு அனுப்ப அதைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். முதல் நாள் நான் எடுத்த படங்கள் எல்லாமே, மாடியில் நின்று தெருவில் கிடக்கிற விளையாட்டுச் சாமானைப் பார்த்த மாதிரி இருந்தன. அவர் மரியாதையான மனிதர். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் டெலீட் செய்யச் சொன்னார்.

பிறகு கற்றுக்கொண்டதை, இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். எச்.ஓ. ஸ்கேல் என்றால் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அந்த உலகத்தில் ஒரு மனிதனின் கண் தரையிலிருந்து முக்கால் அங்குலத்துக்குக் கீழேதான் இருக்கும். லென்ஸ் அங்கே இறங்க வேண்டும். பெரிய கேமரா இறங்காது. நல்ல மொபைலைத் தலைகீழாகப் பிடித்துப் பலகையில் நிறுத்தினால் லென்ஸ் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கிட்டே இருப்பதும் எட்ட இருப்பதும் ஒரே சமயத்தில் ஃபோகஸ் ஆகாது என்பதால் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் அடுக்க வேண்டும். சூரியன் ஒன்றுதான், ஆகவே விளக்கும் ஒன்றுதான். இரண்டு நிழல் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பின்னால் ஒட்டிய வானத்தில் மரத்தின் நிழல் விழக் கூடாது. பவுடர் பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும், ஏனென்றால் ஒரு தலைமுடி அங்கே தண்டவாளத்துக்குக் குறுக்கே விழுந்த குழாய் மாதிரி தெரியும்.

கடைசியாக ஒன்று: பலகையின் ஓரம் தெரியவே கூடாது. ப்ளைவுட்டின் அடுக்கு ஒரு நூல் அளவு தெரிந்தாலும் பார்க்கிறவர் மனசு பொம்மை என்று சொல்லிவிடும். ஓரத்தில் ஒரு செடியை வைத்து மறைத்துவிட வேண்டும். அதற்காகவே கைப்பையில் எப்போதும் இரண்டு செடி வைத்திருப்பேன். காய்ந்த துளசிக் கொப்பில் மரத்தூளை ஒட்டிச் செய்தது. மரத்தூளுக்கு எங்கள் சேலைப் பட்டறைச் சாயப் பச்சை. அந்த ஆண்டு போட்டியில் தேவசகாயம் சாருக்குப் பரிசு கிடைத்தது. நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடு அலைந்தேன்.

3. மாசி மாதத்து விபத்து

மாசியில் ஒரு சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு, பாண்டியம்மாவின் கேட்டில் ஒரு டிராக்டர் டிரெய்லரை இன்ஜின் அடித்துத் தள்ளியது. ஓட்டி வந்தவருக்கு இடது கால் முறிந்தது. கேட் திறந்திருந்தது.

யார்டிலிருந்து இன்ஜின் வருவதைச் சொல்கிற மணி இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. இதை இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டார்கள். மணி சரியாகும் வரை கண்ணால் பார்த்துக் கேட்டை மூடவும் என்று ஒரு தாள் கொடுத்து, பாண்டியம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றாகிவிட்டது. கேபின் ஜன்னலிலிருந்து இன்ஜின் எவ்வளவு தூரத்தில் தெரியும்? லைன் ஓரம் ஜிப்சம் குமி மறைத்தாலும் அதன் நடுப் பள்ளத்தின் வழியாக நூற்றைம்பது மீட்டருக்கு முன்பே தெளிவாகத் தெரியும், அவள் கவனிக்கவில்லை என்றது குற்றப்பத்திரிகை. பக்கத்தில் வரும்வரை தெரியவே இல்லை என்றாள் அவள்.

இடத்தைப் போய்ப் பார்த்துவிடலாமே என்றால், பார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. விபத்து நடந்த மறுநாளே ஜிப்சம் குமியை அள்ளிவிட்டார்கள். பத்து நாளில் அதே இடத்தில் ஒரு தகர ஷெட் எழும்பிவிட்டது. மிஞ்சியது ஒரு செல்ஃபி. விபத்துக்கு இரண்டு நாள் முன்பு பாண்டியம்மாவும் இன்னொரு கேட் கீப்பரம்மாவும் கேபின் வாசலில் நின்று எடுத்தது. பின்னால் குமியும், லோடர் அள்ளியதால் அதன் நடுவில் விழுந்த பள்ளமும் தெரிந்தன.

இந்த மாதிரி உள்விசாரணையில், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாகக் கூட வேலை செய்கிறவர் ஒருவர் உட்காரலாம். யாரும் முன்வராதபோது தேவசகாயம் சார் உட்கார்ந்தார். அவருக்குப் பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. ஆலையின் வரைபடங்கள் எல்லாம் அவர் கையால் போட்டவை என்பதால், அந்தக் கேட்டை அங்குலம் பிசகாமல் எட்டடிக்கு மூன்றடிப் பலகையில் கட்டினார். குமிக்கு நிஜ ஜிப்சத்தையே சலித்துப் போட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

நான் போனபோது பாண்டியம்மாவும் வந்திருந்தாள். கேபின் தரை இரண்டடி உயரம், அதன் மேல் அவள் நின்றால் கண் தரையிலிருந்து ஏழடி. ஸ்கேலில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மொபைலைத் தலைகீழாக நிறுத்தினேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, என் இடது தோளுக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்கை வைத்தேன். குமியின் பள்ளத்துக்கு நேராக இன்ஜின் நின்றது. அது கறுப்பாகக் கிடந்தால் படத்துக்கு உயிர் இல்லை என்று எனக்குப் பட்டது. ஒரு தெர்மகோல் துண்டைச் சாய்த்து அதன் நெற்றியில் கொஞ்சம் வெளிச்சம் தள்ளினேன். மஞ்சள் பட்டை பளிச்சென்று வந்தது.

பாண்டியம்மா என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். "அந்நேரம் இம்புட்டுத் தெளிவா இருக்காதேக்கா" என்றாள்.

"படம்னா தெரியணும்மா" என்றேன் நான். அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

இடது ஓரத்தில் ப்ளைவுட் தெரிந்தது. கை தானாகப் பைக்குள் போனது. செடியை வைத்தேன், படங்களை எடுத்தேன், அடுக்கினேன், பிரிண்ட் போட்டேன். தேவசகாயம் சாரும் அந்தப் படத்தைப் பத்துத் தடவை பார்த்திருப்பார். அவர் கண்ணுக்கும் உறுத்தவில்லை. லேஅவுட் கட்டுகிறவருக்கு ஓரத்தில் செடி இருப்பது சோற்றில் உப்பு இருக்கிற மாதிரி, இல்லாவிட்டால்தான் தெரியும்.

4. "இல்லைங்கய்யா"

செக்யூரிட்டி ஆபீசர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். தை மாதம் ஓர் இன்ஸ்பெக்‌ஷனுக்காக லைன் ஓரத்துச் செடிகளை எல்லாம் வெட்டியதற்கான தாள். எங்கள் தரப்பில் கொடுத்திருந்த செல்ஃபியையும் அவரே பக்கத்தில் வைத்தார். அதிலும் செடி இல்லை. பார்வையை மறைப்பதற்காகவே இல்லாத செடியை நட்டிருக்கிறார்கள் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்த வேண்டிய தேவையும் இல்லை.

விசாரணை அதிகாரி மதுரையில் வெகுகாலம் வக்கீலாக இருந்தவர். வெளியாள்தான், ஆனாலும் ஆலைதான் அவரை அமர்த்தியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பாண்டியம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க. அன்னைக்கு இந்தச் செடி அங்க இருந்துச்சா?"

தேவசகாயம் சார் தரையைப் பார்த்தார். நான் பாண்டியம்மாவைப் பார்த்தேன். இருந்தது என்று அவள் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்டிய செடி ஒரே மாதத்தில் தழைத்துவிட்டது என்று சொன்னாலும் நம்புவார்கள். சீமைக் கருவேலம் அப்படிப்பட்டதுதான்.

"இல்லைங்கய்யா" என்றாள். "தையிலயே வெட்டிப்புட்டாங்க. அன்னைக்கு அங்க செடி கெடையாது."

நான் எழுந்து, செடியை வைத்தது நான்தான், இவர்கள் யாருக்கும் தெரியாது என்றேன். எதற்கு வைத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். பலகையின் ஓரம் தெரியக் கூடாது என்பதற்காக என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். முப்பது வருஷத் தொழில்காரி நான்.

செக்யூரிட்டி ஆபீசர் அதோடு விடவில்லை. பொய்ச்செடி வைத்தும்கூட அவர்கள் படத்திலேயே குமியின் பள்ளத்தில் இன்ஜின் பளிச்சென்று தெரிகிறதே, மஞ்சள் பட்டைகூடத் தெரிகிறதே என்றார். அது உண்மை. நானே தெர்மகோல் பிடித்துத் தெரிய வைத்தது.

அதிகாரி படத்தைத் திருப்பி பாண்டியம்மாவிடம் காட்டினார். "இது தெரியுதா?"

"இந்தப் படத்துல தெரியுதுய்யா. அன்னைக்குத் தெரியல. அந்நேரம் வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும். கண்ணே தொறக்க முடியாது."

அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "வெயில் எதிர்ல இருந்துச்சுன்னா நிழல் உங்களப் பாத்துல்ல விழணும்? இதுல எல்லா நிழலும் உங்களுக்கு அந்தப் பக்கம் விழுது. சூரியன் உங்க முதுகுல இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேபின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. விளக்கை நான் கேமராவுக்குப் பின்னால், கிழக்கே வைத்திருந்தேன். எல்லாச் சேலைக்கும் எல்லாச் சொம்புக்கும் வைக்கிற இடம் அது. என் படத்தில் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குச் சூரியன் கிழக்கே நின்றது. பன்னிரண்டு படத்தை அடுக்கிய எனக்கு, பொழுது எந்தப் பக்கம் சாயும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. தோன்றிய ஒருத்தியையும் வாயை மூட வைத்திருந்தேன்.

இந்தப் படத்தை ஏற்க முடியாது என்று சொல்லி அதிகாரி அதைக் கவிழ்த்து வைத்தார். இன்றோடு விசாரணையை முடித்துவிடுவதாகவும் சொன்னார். படம் வேண்டாம், பலகையையே இங்கே கொண்டு வருகிறோம், அதே நேரத்துக்கு நிஜ வெயிலில் வைத்து நீங்களே பாருங்கள் என்று நான் கேட்டேன். செக்யூரிட்டி ஆபீசர் எதிர்ப்புத் தெரிவித்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சரைக்குள்ள கொண்டாங்க. ஆறு மணிக்கு நான் கெளம்பிருவேன்."

5. லோடு ஆட்டோ

நாங்கள் வெளியே வந்தபோது மணி இரண்டு, பசுமலையில் லோடு ஆட்டோ கிடைப்பதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. பலகையை இரண்டாகக் கழற்றி, பழைய மெத்தை மேல் வைத்து, நான் ஒரு பாதியையும் தேவசகாயம் சார் ஒரு பாதியையும் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தோம். பங்குனி வெயில். பாதி வழியில் சார் ஒன்று சொன்னார். கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் செக்யூரிட்டி ஆபீசர் அவரை நிறுத்தி, இன்னும் இரண்டு வருஷந்தானே சார், கௌரவமாகப் போகலாமே என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம்.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"பலகை எடுக்கப் போகணும், நேரமாச்சுன்னேன்" என்றார்.

திருமங்கலம் வருவதற்கு முன்னால் ஒரு வேகத்தடை. டிரைவர் கவனிக்காமல் ஏற்றிவிட்டார். நான் பிடித்திருந்த பாதி துள்ளி விழுந்தது. மின்கம்பம் ஒன்று ஒடிந்தது. அது போகட்டும், குமி சரிந்துவிட்டது. பள்ளம் இருந்த இடத்தில் வெள்ளைத் தூள் பரவிக் கிடந்தது. எங்கள் வழக்கே அந்தக் குமியின் வடிவம்தான். கொட்டிக் கிடந்த தூளைத் தேவசகாயம் சார் கர்ச்சீப்பில் அள்ளி முடிந்துகொண்டார்.

கெஸ்ட் ஹவுஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. முற்றத்தில் இரண்டு மேஜையைச் சேர்த்துப் பலகையைப் பூட்டினோம். குமி கலைந்ததை மறைக்காமல் சொன்னேன். மறைத்துப் பட்டது போதும் என்றிருந்தது. அதிகாரியின் முன்னாலேயே, செல்ஃபியைப் பார்த்துப் பார்த்து, தேவசகாயம் சார் ஒரு டீஸ்பூனால் குமியைத் திரும்பக் கட்டினார். செக்யூரிட்டி ஆபீசர் அருகில் வந்து நின்று, பள்ளம் இதைவிட ஆழம், இன்னும் அகலம் என்றார். செல்ஃபியில் அவ்வளவு இல்லை. தேவசகாயம் சார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொல்ற அளவே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு ஸ்பூன் அள்ளினார். எனக்குப் பகீரென்றது. பள்ளம் பெரிதானால் இன்ஜின் இன்னும் நன்றாகத் தெரியுமே என்று அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

மொபைலில் திசை பார்த்து, பலகையின் மேற்கை நிஜ மேற்கோடு சேர்த்தார். பிறகு பலகையைக் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பினார். எதற்கு என்று அதிகாரி கேட்டார். மாசியில் சூரியன் கொஞ்சம் தெற்கே தள்ளி விழும், இப்போது வடக்கே நகர்ந்திருக்கிறது, அந்த வித்தியாசத்துக்காக என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினார். அதிகாரி தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லாம் சரியானபோது ஐந்து இருபது. மேற்கே ஒரு மேகம் வந்து சூரியனை மூடிக்கொண்டது.

6. ஐந்து நாற்பது

பதினைந்து நிமிஷம் மேகம் நகரவில்லை. அதிகாரியின் டிரைவர் காரைத் திருப்பி நிறுத்தினார். பாண்டியம்மா மட்டும் மேகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் மூடித் திறக்கிற கேட்டை மேலேயிருந்து அவள் நன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். "டிராக்டர்க்காரரு இந்தா இங்கன வந்தாரு" என்று மெல்லத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய் அவரைப் பார்த்து வந்தவள் அவள்.

ஐந்து முப்பத்தாறுக்கு மேகம் விலகியது.

வெயில் பலகை மேல் நீளமாக விழுந்தது. ஜிப்சம் குமி பற்றிக்கொண்ட மாதிரி வெளுத்தது. நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று காட்டுங்கள் என்றார் அதிகாரி. பாண்டியம்மா மேஜையின் கிழக்கு ஓரத்தில் குனிந்தாள். கேபின் இருந்த இடத்தில், பலகை விளிம்பில் தாடையை வைத்து மேற்கே பார்த்தாள். பார்த்த உடனே அவள் வலது கை எழுந்து நெற்றியில் குடை பிடித்தது. அவள் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை. அது தினமும் அந்நேரத்துக்கு எழுந்து பழகிய கை.

அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேட்டி மண்ணில் படப் படத் தானே மண்டியிட்டார். தாடையை விளிம்பில் வைத்தார். அவர் கையும் எழுந்தது.

"இன்ஜின் எங்க?"

"பள்ளத்துக்கு நேரா நிக்குது சார். நூத்தம்பது மீட்டர்" என்றார் தேவசகாயம் சார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

செக்யூரிட்டி ஆபீசர் சொன்ன அளவுக்கு அகலமான பள்ளம் அது. அதன் வழியாக வந்தது இன்ஜின் அல்ல, வெயில். பள்ளம் அகல அகல வெயில்தான் அதிகம் வந்தது. நான் முழங்கையைத் தொட்டதைத் தேவசகாயம் சார் கண்டுகொள்ளாததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தெரிகிற இடத்தில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் இன்ஜினை விரலால் தள்ளத் தொடங்கினார். மெதுவாகத் தள்ளினார். குமியைத் தாண்டியது. அதிகாரி பேசவில்லை. வளைவைத் தாண்டியது. அப்போதும் பேசவில்லை. பாண்டியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இப்ப" என்றார் அதிகாரி.

தேவசகாயம் சார் விரலை எடுக்காமல், மறு கையால் டேப்பை நீட்டினார். கேபினிலிருந்து இன்ஜின் மூக்கு வரை ஓர் அடி நாலு அங்குலம். எண்பத்தேழால் பெருக்கினால் முப்பத்தைந்து மீட்டர். அந்தத் தூரத்தை இன்ஜின் கடக்கிற நேரம், கேட்டை இறக்கி முடிக்க ஆகிற நேரத்தில் பாதிகூட இல்லை. அதிகாரி எண்ணை எழுதிக்கொண்டார். இன்ஜினைப் பழையபடி பள்ளத்துக்கு நேராக நிறுத்தச் சொல்லி, செக்யூரிட்டி ஆபீசரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். அவர் வெகுநேரம் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பார்க்கும்போது அவரும் கண்ணை மறைத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம்.

அப்புறம்தான் படம் எடுக்க வந்தவள் நான் என்பது எனக்கு நினைவு வந்தது. மொபைலைத் தலைகீழாக நிறுத்தி, அடுக்காமல், விளக்கில்லாமல், ஒரே படம் எடுத்தேன். இடது ஓரத்தில் ப்ளைவுட் தெரிந்தது. அதற்கு அப்பால் துணி காயப்போடும் கொடியும், அதிகாரியின் கார் டயரும் தெரிந்தன. நடுவில் எல்லாம் வெள்ளையாக வெந்துபோய்க் கிடந்தது. இன்ஜின் இருக்கிற இடமே தெரியவில்லை. என் தொழிலில் இவ்வளவு மோசமான படத்தை நான் எடுத்ததில்லை. அதிகாரி அதைத்தான் கேட்டு வாங்கி, ஃபைலில் வைத்தார்.

7. பிறகு

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. பாண்டியம்மா அதே கேட்டுக்கு வேலைக்குத் திரும்பினாள். மணியைச் சரிசெய்து, ஜன்னலுக்கு மேல் ஒரு தகர மறைப்பும் போட்டிருக்கிறார்கள். டிராக்டர்க்காரரின் வழக்கு தனியாக நடக்கிறது. அவருக்கு இன்னும் கால் சரியாகவில்லை. தேவசகாயம் சாரை டிராயிங் செக்‌ஷனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். போல்ட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று போனில் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மேலே எழுதிய உத்திகளை எல்லாம் சொல்லித் தருகிறேன். செடி வைப்பதையும் சேர்த்துத்தான். போட்டிக்கு அனுப்புகிற படமென்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் அந்த இடத்தில் நிஜமாக நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தால், விளக்கைப் போடுவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் வேலையும் வீடும் என் கைப்பைச் செடியால் போக இருந்தது.

இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் அந்த மோசமான படத்தையும் ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவள் லைன் வீட்டுக்குப் போனேன். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் வைத்து நிறைய நேரம் பார்த்தாள். நல்ல படம் ஒன்று பிறகு எடுத்துத் தருகிறேன், இதில் ஒன்றுமே தெரியவில்லை என்றேன்.

"வேணாம்க்கா. இதே இருக்கட்டும்" என்றாள்.

இப்போது அது கேபின் சுவரில், கேட் ரிஜிஸ்டருக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வருகிற லாரிக்காரர்கள், வெறும் வெள்ளையாக இருக்கிறதே, இது என்ன போட்டோ என்று கேட்கிறார்களாம்.

"அது நான் பாத்ததுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கேட்டை மூடப் போய்விடுகிறாளாம்.